வேதியியலும் அதன் பிரிவுகளும்: நைட்ரஜன் வழியே ஓர் அறிமுகம்

நுழையும்முன்

நெற்பயிரின் முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகின்றன. உழவர் வயலில் யூரியா இடுகிறார். சில நாள்களில் பயிர் மீண்டும் பசுமை பெறுகிறது. கண்ணுக்குத் தெரிவது இவ்வளவே. அந்த வெண்ணிறக் குருணையில் இருப்பது எது? அது எங்கிருந்து வந்தது? மண்ணிலும் வேரிலும் இலையிலும் அது என்னவாக மாறுகிறது? அளவு மிகுந்தால் தீங்கு நேர்வது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது வேதியியலின் ஒவ்வொரு பிரிவும் தனக்குரிய பங்கை அளிக்கிறது. நைட்ரஜன் என்னும் ஒரு தனிமத்தைத் துணையாகக் கொண்டு வேதியியலின் அடிப்படைகளையும் முதன்மைப் பிரிவுகளையும் விளக்குகிறது இப்பாடம்.

வேதியியல் என்பது யாது?

நிறையும் பருமனும் கொண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும் யாவும் பருப்பொருள் எனப்படும். பருப்பொருளின் இயைபு, அமைப்பு, பண்புகள், அஃது அடையும் மாற்றங்கள், அம்மாற்றங்களின்போது வெளிப்படும் அல்லது உட்கவரப்படும் ஆற்றல் ஆகியவற்றை ஆராயும் அறிவியலே வேதியியல் ஆகும்.

மாற்றங்கள் இரு வகைப்படும். யூரியா நீரில் கரையும்போது அதன் மூலக்கூறுகள் நீரில் பரவுகின்றனவே அன்றி வேறொன்றாவதில்லை. நீரை ஆவியாக்கினால் யூரியாவை மீண்டும் பெறலாம். இஃது இயற்பியல் மாற்றம். அதே யூரியா ஈர மண்ணில் கிடக்கும்போது நுண்ணுயிரிகளின் நொதியால் சிதைந்து அம்மோனியாவாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாறுகிறது. இங்கு அணுக்களின் பிணைப்புகள் பிரிந்து புதிய பிணைப்புகள் உருவாகின்றன. புதிய பொருள்கள் தோன்றுகின்றன. இது வேதியியல் மாற்றம்.

வேதியியல் மாற்றத்தில் அணுக்கள் இடம் மாறுகின்றன. அழிவதில்லை, புதியனவாய்த் தோன்றுவதுமில்லை. ஆகவே வினைக்கு முன் இருந்த மொத்த நிறையும் வினைக்குப் பின் உள்ள மொத்த நிறையும் சமம். பிரெஞ்சு அறிஞர் அந்துவான் லவாய்சியர் மூடிய கலன்களில் பொருள்களை வினைபுரியச் செய்து, துல்லியமான தராசுகளால் நிறுத்து, இவ்வுண்மையை நிலைநாட்டினார். 1789இல் வெளிவந்த அவருடைய வேதியியல் நூல், அளந்தறியும் அறிவியலாக வேதியியலை மாற்றியது.

தனிமம், சேர்மம், கலவை

ஒரே வகை அணுக்களால் ஆன பொருள் தனிமம் ஆகும். இன்று 118 தனிமங்கள் அறியப்பட்டுள்ளன. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்களின் அணுக்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிப்பிணைப்பால் இணைந்து உருவாவது சேர்மம். பொருள்கள் வேதிப்பிணைப்பின்றி எந்த விகிதத்திலும் சேர்ந்திருப்பது கலவை.

நைட்ரஜன் ஒரு தனிமம். அம்மோனியா ஒரு சேர்மம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. காற்று ஒரு கலவை; உலர்ந்த காற்றின் பருமனில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் இருக்கின்றன. ஒரு தனிமத்தின் பண்பும் அதனால் ஆன சேர்மத்தின் பண்பும் வேறுவேறானவை. நைட்ரஜன் வாயுவுக்கு மணமில்லை, எளிதில் வினைபுரியாது. அம்மோனியாவோ கண்ணில் நீர் வரவழைக்கும் நெடியுடையது. நீரில் மிகுதியாகக் கரையும்.

அணுக்களை எண்ணும் முறை

வேதிவினை அணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நிகழ்கிறது. ஆய்வகத் தராசோ நிறையை மட்டுமே காட்டும். எண்ணிக்கையையும் நிறையையும் இணைக்கும் பாலமாக விளங்குவது மோல் என்னும் அலகு. 6.02214076 × 10²³ துகள்களைக் கொண்ட பொருளின் அளவு ஒரு மோல் ஆகும். இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவின் பெயரால் இது அவகாட்ரோ எண் என வழங்கப்படுகிறது. 2019ஆம் ஆண்டு முதல் இவ்வெண்ணைக் கொண்டே மோல் வரையறுக்கப்படுகிறது.

ஒரு மூட்டை யூரியாவைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். யூரியா மூலக்கூறில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அணுநிறைகளைக் கூட்டினால் 12 + 16 + 28 + 4 = 60. எனவே ஒரு மோல் யூரியாவின் நிறை 60 கிராம். 45 கிலோகிராம் யூரியாவில் 45,000 ÷ 60 = 750 மோல் மூலக்கூறுகள் உள்ளன. ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நைட்ரஜன் அணுக்கள் என்பதால் 1,500 மோல் நைட்ரஜன் அணுக்கள் கிடைக்கும். அவற்றின் நிறை 1,500 × 14 = 21,000 கிராம், அதாவது 21 கிலோகிராம். மூட்டையின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கே பயிருக்குத் தேவையான நைட்ரஜன். யூரியா மூட்டைகளின்மேல் 46 விழுக்காடு நைட்ரஜன் என அச்சிடப்பட்டிருப்பதன் பொருள் இதுவே. பரிந்துரைக்கப்பட்ட நைட்ரஜன் அளவுக்கு எத்தனை மூட்டை தேவை என்பதை இக்கணக்கை அறிந்த எவரும் தாமே கண்டறியலாம்.

காற்றில் மிகுதி, பயிருக்குப் பற்றாக்குறை

இலைக்குப் பசுமை தரும் பச்சையத்தின் மூலக்கூறில் ஒரு மக்னீசியம் அயனியைச் சூழ்ந்து நான்கு நைட்ரஜன் அணுக்கள் அமைந்துள்ளன. புரதங்களிலும் மரபுப் பண்புகளைத் தாங்கும் மூலக்கூறுகளிலும் நைட்ரஜன் இன்றியமையாதது. நைட்ரஜன் குறையும்போது செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து அதனை எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்புகிறது. கீழ் இலைகள் முதலில் மஞ்சளாவதற்குக் காரணம் இதுதான்.

பயிரைச் சுற்றியுள்ள காற்றில் நைட்ரஜன் நிரம்பியிருந்தும் பயிரால் அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. மண்ணில் அம்மோனியம் அல்லது நைட்ரேட் அயனிகளாகக் கிடைக்கும் நைட்ரஜனையே வேர்கள் உறிஞ்சுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகள் இதற்காகத் தென் அமெரிக்காவின் பறவை எச்சக் குவியல்களையும், அட்டகாமா பாலைநிலத்தில் வெட்டியெடுக்கப்பட்ட சோடியம் நைட்ரேட்டையும் கப்பல்களில் வரவழைத்தன. அவ்விருப்பு ஒருநாள் தீர்ந்துபோகும் என்பது வெளிப்படை. 1898இல் பிரித்தானிய அறிஞர் வில்லியம் குரூக்ஸ், கோதுமை உண்ணும் நாடுகள் உணவுப் பற்றாக்குறையை எதிர்நோக்குகின்றன என்றும், காற்றின் நைட்ரஜனைச் சேர்மமாக்கும் வழியை வேதியியலாளர்களே கண்டறிய வேண்டும் என்றும் எச்சரித்தார். அவ்வறைகூவலுக்கு விடை காண வேதியியலின் பல பிரிவுகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

கனிம வேதியியல்

தனிமங்களையும், பெரும்பாலான கார்பன் சேர்மங்கள் நீங்கலான பிற சேர்மங்களையும் ஆராயும் பிரிவு கனிம வேதியியல் ஆகும். உலோகங்கள், அமிலங்கள், காரங்கள், உப்புகள், கனிமங்கள், அணைவுச் சேர்மங்கள் முதலியன இதன் எல்லைக்குள் அடங்கும். 1869இல் மெண்டலீவ் வெளியிட்ட தனிம வரிசை அட்டவணை இப்பிரிவுக்கு ஒழுங்கான அடித்தளம் அமைத்தது.

நைட்ரஜன் ஏன் எளிதில் வினைபுரிவதில்லை என்னும் வினாவுக்குக் கனிம வேதியியல் விடை தருகிறது. அட்டவணையின் 15ஆம் தொகுதியில் முதலாவதாக நிற்கும் நைட்ரஜனின் வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள் உள்ளன. எண்ம நிலையை எய்துவதற்கு மேலும் மூன்று எலக்ட்ரான்கள் தேவை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மும்மூன்று எலக்ட்ரான்களைப் பகிர்ந்து முப்பிணைப்பால் இணைகின்றன. ஒரு மோல் நைட்ரஜன் மூலக்கூறுகளின் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புக்கு 498 கிலோஜூல் போதும். வன்மையான இம்முப்பிணைப்பே நைட்ரஜனின் மந்தத் தன்மைக்குக் காரணம். மின்னலின் பேராற்றல் இப்பிணைப்பை முறிக்க வல்லது. அப்போது உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மழைநீரில் கரைந்து நைட்ரேட்டாக மண்ணை அடைகின்றன. ஆயினும் உழவுத் தேவைக்கு அவ்வளவு போதாது.

தெரியுமா?

இந்திய வேதியியலின் முன்னோடியான பிரபுல்ல சந்திர ராய், நைட்ரஜன் சேர்மங்களுள் ஒன்றான மெர்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்து 1896இல் அதுபற்றிய ஆய்வை வெளியிட்டார். 1901இல் வங்காளத்தில் வேதிப்பொருள், மருந்து உற்பத்தி நிறுவனமொன்றையும் தோற்றுவித்தார்.

இயற்பிய வேதியியல்

வேதிவினைகளுக்கு அடிப்படையான ஆற்றல், வேகம், சமநிலை ஆகியவற்றை இயற்பியல் விதிகளின் துணையுடன் ஆராய்வது இயற்பிய வேதியியல். ஒரு வினை நிகழுமா, எவ்வளவு தூரம் நிகழும், எவ்வளவு விரைவில் நிகழும் என்னும் மூன்று வினாக்களுக்கு இப்பிரிவு விடை கூறுகிறது.

ஒரு மூலக்கூறு நைட்ரஜன் மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனுடன் இணைந்து இரண்டு மூலக்கூறு அம்மோனியாவைத் தருகிறது. நிறையளவில் 28 கிராம் நைட்ரஜனும் 6 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் 34 கிராம் அம்மோனியா கிடைக்கும். எனினும் இது மீள்வினை. உருவாகும் அம்மோனியாவில் ஒரு பகுதி மீண்டும் சிதைந்து இரு வாயுக்களாகப் பிரிந்து, முன்னோக்கு வினையின் வேகமும் பின்னோக்கு வினையின் வேகமும் சமமாகும் சமநிலை எய்தப்படுகிறது.

சமநிலையில் உள்ள அமைப்பின்மீது ஒரு மாற்றம் சுமத்தப்பட்டால், அம்மாற்றத்தின் விளைவை ஈடுசெய்யும் திசையில் சமநிலை நகரும் என்பது லீ சாட்லியர் தத்துவம். அம்மோனியா உருவாகும்போது நான்கு மூலக்கூறு வாயு இரண்டாகக் குறைகிறது; எனவே அழுத்தத்தை உயர்த்தினால் விளைச்சல் கூடும். இவ்வினை வெப்ப உமிழ் வினை. எனவே வெப்பநிலையைக் குறைத்தால் விளைச்சல் கூடும். ஆனால், வெப்பநிலையைக் குறைத்தால் வினை மிக மெதுவாகிவிடும். விளைச்சலுக்குக் குளிர்ச்சியும் வேகத்துக்கு வெப்பமும் வேண்டும் என்னும் இம்முரண்பாட்டை ஓரளவு தீர்த்து வைப்பது வினையூக்கி. அது குறைந்த ஆற்றலில் வினை நிகழ்வதற்கான மாற்றுவழியை அமைத்து, தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்துகிறது. சமநிலையின் இடத்தை அது மாற்றுவதில்லை; சமநிலையை விரைவில் எய்தச் செய்கிறது.

ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர், தம் உதவியாளர் இராபர்ட் லெ ரோசினோலுடன் சேர்ந்து 1909இல் உயர் அழுத்தத்தில் ஆஸ்மியம் வினையூக்கியைக் கொண்டு அம்மோனியாவைத் தயாரித்துக் காட்டினார். ஆஸ்மியம் மிக அரிய உலோகம். ஆல்வின் மிட்டாஷ் தலைமையிலான குழு ஆயிரக்கணக்கான ஆய்வுகளை நிகழ்த்தி, அலுமினியம் ஆக்சைடு முதலியவை சிறிதளவு கலந்த இரும்பே மலிவான, சிறந்த வினையூக்கி எனக் கண்டது. உயர் அழுத்த ஹைட்ரஜன் எஃகினுள் ஊடுருவி அதனை நொறுங்கச் செய்தது. கார்ல் போஷ் கலத்தின் உட்புறம் மென்னிரும்பு உறையும், வெளிப்புற எஃகில் ஹைட்ரஜன் வெளியேறுவதற்கான சிறு துளைகளும் அமைத்து இத்தடையை வென்றார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்றும் ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், 150 முதல் 250 வளிமண்டல அழுத்தத்தில், இரும்பு வினையூக்கியைக் கொண்டே பெரும்பாலான அம்மோனியா உற்பத்தியாகிறது.

கரிம வேதியியல்

கார்பன் சேர்மங்களைப் பற்றிய பிரிவு கரிம வேதியியல். கார்பன் அணு நான்கு பிணைப்புகளை ஏற்படுத்த வல்லது. பிற கார்பன் அணுக்களுடன் இணைந்து நீண்ட சங்கிலிகளாகவும் கிளைகளாகவும் வளையங்களாகவும் அமைய வல்லது. அதனால் கார்பன் சேர்மங்களின் எண்ணிக்கை பல மில்லியன்களைக் கடந்து நிற்கிறது. மருந்துகள், சாயங்கள், நெகிழிகள், எரிபொருள்கள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை கரிமச் சேர்மங்களே.

உயிரினங்களில் காணப்படும் சேர்மங்களை உயிர்விசை ஒன்றே உருவாக்க முடியும், ஆய்வகத்தில் அவற்றை ஆக்க இயலாது என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவியது. 1828இல் ஃபிரெட்ரிக் வோலர், சில்வர் சயனேட்டையும் அம்மோனியம் குளோரைடையும் வினைபுரியச் செய்து அம்மோனியம் சயனேட் என்னும் உப்பைப் பெற முயன்றார். அவருக்குக் கிடைத்த வெண்படிகங்கள் சயனேட்டின் பண்புகளைக் காட்டவில்லை. சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட யூரியாவின் பண்புகளோடு அவை முற்றிலும் ஒத்திருந்தன. விலங்கின் உடலோ சிறுநீரகமோ இன்றி யூரியா உருவாயிற்று. உயிர்விசைக் கொள்கை ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. எனினும் அதன் அடித்தளம் இந்நிகழ்வால் ஆட்டம் கண்டது. 1845இல் கோல்பே அசிட்டிக் அமிலத்தைத் தனிமங்களிலிருந்து தொடங்கித் தொகுத்தபின் அக்கொள்கை மேலும் தளர்ந்தது.

வோலரின் ஆய்வு மற்றோர் உண்மையையும் உணர்த்தியது. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் உள்ள அணுக்களின் வகையும் எண்ணிக்கையும் ஒன்றே. அணுக்கள் இணைந்துள்ள முறை வேறுபடுவதால் பண்புகள் வேறுபடுகின்றன. இத்தகைய சேர்மங்கள் மாற்றியங்கள் எனப்படும். எழுத்துகள் மாறாமல் வரிசை மட்டும் மாறும்போது சொல்லின் பொருள் மாறுவதோடு இதனை ஒப்பிடலாம்.

இன்று தொழிற்சாலைகளில் அம்மோனியாவும் கார்பன் டைஆக்சைடும் உயர் அழுத்தத்தில் இணைக்கப்பட்டு, அம்மோனியம் கார்பமேட் வழியாக யூரியா பெறப்படுகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடியிலும் சென்னையை அடுத்த மணலியிலும் யூரியா ஆலைகள் அமைந்துள்ளன.

பகுப்பாய்வு வேதியியல்

ஒரு பொருளில் என்னென்ன உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு உள்ளது என்பவற்றைக் கண்டறிவது பகுப்பாய்வு வேதியியல். முன்னது பண்பறி பகுப்பாய்வு. பின்னது பருமனறி, எடையறி முறைகளை உள்ளடக்கிய அளவறி பகுப்பாய்வு. அம்மோனியம் உப்புடன் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கும்போது எழும் நெடியுள்ள வாயு, ஈரச் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குவது பண்பறி பகுப்பாய்வுக்கு எடுத்துக்காட்டு.

1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால், தானியங்களின் நைட்ரஜன் அளவைக் கண்டறியும் முறையை உருவாக்கினார். மாதிரியை அடர் கந்தக அமிலத்துடன் சூடாக்கினால் அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறும். பின்னர்க் காரம் சேர்த்து, வெளிப்படும் அம்மோனியாவை வாலைவடித்துப் பிரித்து, அதன் அளவைத் தரம்பார்த்தல் முறையில் கணக்கிடலாம். புரதங்களில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால், நைட்ரஜன் அளவை 6.25ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும்.

இம்முறை அளப்பது நைட்ரஜனை, புரதத்தை அன்று. இவ்வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதை 2008இல் சீனாவில் நிகழ்ந்த துயரம் காட்டியது. நீர் கலந்த பாலில் மெலமைன் என்னும் வேதிப்பொருளைச் சிலர் கலந்தனர். மெலமைனில் 66 விழுக்காட்டுக்கும் மேல் நைட்ரஜன் உண்டு. அதனால் ஆய்வில் பாலின் புரத அளவு உயர்ந்திருப்பதாகத் தோன்றியது. அப்பாலிலிருந்து செய்யப்பட்ட பால்மாவை உண்ட ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். பலருக்குச் சிறுநீரகக் கற்கள் உண்டாயின. ஆறு குழந்தைகள் உயிரிழந்தனர். வண்ணப்பிரிகை முறை, நிறை நிறமாலையியல் ஆகியவற்றின் துணையால் மெலமைனைத் தனித்தறியும் சோதனைகள் அதன்பின் பரவலாயின. ஒரு சோதனை எதனை அளக்கிறது, எதனை அளக்கவில்லை என்பதை அறிந்திருப்பது பகுப்பாய்வாளரின் முதற்கடமை.

உயிர்வேதியியல்

உயிரினங்களில் நிகழும் வேதிவினைகளை ஆராய்வது உயிர்வேதியியல். தொழிற்சாலை உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் செய்யும் செயலைச் சில நுண்ணுயிரிகள் சாதாரண வெப்பநிலையிலும் சாதாரண அழுத்தத்திலும் செய்து முடிக்கின்றன. உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை போன்ற பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. இவ்வினையை நிகழ்த்துவது நைட்ரஜனேஸ் என்னும் நொதி. அதன் செயல்படு மையத்தில் இரும்பும் மாலிப்டினமும் உள்ளன. தொழிற்சாலை வினையூக்கியிலும் உயிரின் நொதியிலும் இரும்பு இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜனால் செயலிழந்துவிடும். ஆகவே வேர்முடிச்சில் லெக்ஹீமோகுளோபின் என்னும் நிறமி ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு நொதியைக் காக்கிறது. செயல்படும் வேர்முடிச்சைக் கீறிப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தோன்றுவது இந்நிறமியால்தான்.

காவிரிப் படுகை உழவர்கள் சம்பா, தாளடி நெல் அறுவடைக்குச் சில நாள்களுக்கு முன்னர், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே உளுந்து அல்லது பாசிப்பயற்றை விதைப்பது வழக்கம். நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டு, சணப்பை ஆகியவற்றை வளர்த்து மடக்கி உழுவதும் உண்டு. நொதியின் பெயர் அறியப்படுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே பயறு விளைந்த நிலம் வளம் பெறுவதை உழவர்கள் கண்டறிந்திருந்தனர். அவ்வனுபவ அறிவுக்கு உயிர்வேதியியல் காரணம் காட்டியது.

சுற்றுச்சூழல் வேதியியலும் பிற பிரிவுகளும்

காற்று, நீர், மண் ஆகியவற்றில் வேதிப்பொருள்கள் அடையும் மாற்றங்களையும் அவற்றின் விளைவுகளையும் ஆராய்வது சுற்றுச்சூழல் வேதியியல். வயலில் இடப்படும் நைட்ரஜன் முழுவதும் பயிரைச் சென்றடைவதில்லை. ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுதியான நைட்ரேட் கைக்குழந்தைகளின் குருதி ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். நீர்நிலைகளில் சேரும் நைட்ரேட் பாசிகளைப் பெருக்கி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைத்து, மீன்களை மடியச் செய்யும். மண்ணிலிருந்து வெளிப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் டைஆக்சைடைவிடப் பல நூறு மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு.

இவ்விழப்பைக் குறைக்க இந்தியாவில் 2015 முதல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டு விற்கப்படுகிறது. வேம்பில் உள்ள சேர்மங்கள் அம்மோனியம் நைட்ரேட் அயனியாக மாறும் வேகத்தைத் தணிக்கின்றன. இலை வண்ண அட்டையுடன் நெல்லிலையை ஒப்பிட்டு, தேவையான போது மட்டும் உரமிடும் முறையும் பின்பற்றப்படுகிறது.

பெரிய அளவில் பொருள்களை உற்பத்தி செய்யும் முறைகளை ஆராயும் தொழிலக வேதியியல், அணுக்கரு மாற்றங்களை ஆராயும் அணுக்கரு வேதியியல், கழிவும் நச்சும் குறைந்த வழிகளைத் தேடும் பசுமை வேதியியல் ஆகியனவும் குறிப்பிடத்தக்க பிரிவுகளாகும். அம்மோனியாவுக்குத் தேவையான ஹைட்ரஜன் இன்று பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து பெறப்படுவதால் மிகுதியான கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. சூரிய ஒளி, காற்று ஆகியவற்றால் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்து ஹைட்ரஜன் பெறும் முயற்சிகள் பசுமை வேதியியலின் பாற்படும்.

அறிவும் பொறுப்பும்

செயற்கை நைட்ரஜன் உரம் இன்றேல் இன்றைய உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உணவு கிட்டாது என மதிப்பிடப்படுகிறது. இப்பெரும் பயனுக்கு வித்திட்ட அதே வினை வேறொரு முகமும் காட்டியது. முதல் உலகப் போரில் கடல்வழி முற்றுகையால் தென் அமெரிக்க நைட்ரேட் ஜெர்மனிக்குக் கிடைக்காமற் போனது. அப்போது அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக மாற்றி வெடிமருந்து செய்யப்பட்டது. உரத்துக்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பு போரை நீட்டித்தது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே குளோரின் வாயு போர்க்கருவியாக ஏவப்பட்டதில் ஹேபருக்கு முதன்மையான பங்கு இருந்தது. அவரே அம்மோனியாத் தொகுப்புக்காக 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1933இல் நாட்சி ஆட்சியின்போது ஜெர்மனியை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு மறைந்தார்.

போர் இல்லாத காலத்திலும் கவனக்குறைவு பேரழிவைத் தரும். 1921இல் ஓப்பாவ் தொழிற்சாலையில் இறுகிக் கிடந்த அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் கலவையைத் தளர்த்தச் சிறு வெடிகள் பயன்படுத்தப்பட்டன. முன்னர்ப் பலமுறை தீங்கின்றி நிறைவேறிய அம்முறை ஒருநாள் பெருவெடிப்பில் முடிந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. 2020 ஆகஸ்டு 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் உரிய காப்பின்றிப் பல ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்ததில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உரமாகப் பயன்படும் பொருளே அங்கு அழிவுக்குக் காரணமாயிற்று.

பொருளின் பண்பு மனிதரின் நோக்கத்தை அறியாது. எவ்வளவு, எங்கு, எவ்வாறு, எதற்காக என்பவற்றை முடிவு செய்பவர் மனிதரே. அம்முடிவைச் சரியாக எடுக்க வேதியியல் அறிவு வேண்டும்.

நிறைவாக

முப்பிணைப்பின் வன்மையைக் கனிம வேதியியல் விளக்கியது. அதனை முறிக்கும் வழியை இயற்பிய வேதியியல் வகுத்தது. யூரியாவை ஆய்வகத்தில் ஆக்க இயலும் எனக் கரிம வேதியியல் மெய்ப்பித்தது. அளவைப் பகுப்பாய்வு வேதியியல் கண்டறிந்தது. இயற்கையின் வழியை உயிர்வேதியியல் வெளிப்படுத்தியது. விளைவுகளைச் சுற்றுச்சூழல் வேதியியல் எச்சரித்தது. பிரிவுகள் கற்பதற்கு எளிதாக வகுக்கப்பட்டவை. இயற்கையில் அவற்றுக்கிடையே எல்லைக்கோடு இல்லை. வயலில் மஞ்சளான ஓர் இலையைப் புரிந்துகொள்ளவும் அவை அனைத்தும் தேவைப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

1. யூரியா நீரில் கரைவதும் மண்ணில் சிதைவதும் எவ்வகை மாற்றங்கள்? காரணம் கூறுக.

2. ஓர் ஏக்கர் பயிருக்கு 42 கிலோகிராம் நைட்ரஜன் தேவை எனில், 45 கிலோகிராம் எடையுள்ள தூய யூரியா மூட்டைகள் எத்தனை வேண்டும்? கணக்கிட்டு எழுதுக.

3. அம்மோனியாத் தொகுப்பில் அழுத்தத்தை உயர்த்துவது ஏன்? வெப்பநிலையை மிகவும் குறைக்காமல் வைத்திருப்பது ஏன்?

4. நைட்ரஜன் அளவை மட்டும் கொண்டு பாலின் தரத்தை முடிவு செய்வது ஏன் போதாது?

5. உங்கள் ஊரில் உழவர்கள் இடும் உரங்களின் பெயர்களையும் அளவுகளையும் கேட்டறிந்து, மூட்டைகளின்மேல் அச்சிடப்பட்டுள்ள விழுக்காடுகளைக் கொண்டு நைட்ரஜன் அளவைக் கணக்கிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.